கைகளில் பிறந்த மொழி

தமிழுக்கு என்ன வயது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஸ்பானிஷுக்கும் சீனத்துக்கும் அப்படித்தான். கிடைத்திருக்கும் மிகப் பழைய கல்வெட்டைப் பார்த்தாலும், அதில் மொழி ஏற்கெனவே வளர்ந்து ஆளாகித்தான் நிற்கிறது. அது தவழ்ந்த காலத்தைப் பார்த்தவர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆனால், ஒரு மொழிக்குப் பிறந்த ஊர் தெரியும், பிறந்த பள்ளிக்கூடம் தெரியும், ஏறக்குறையப் பிறந்த வருடமும் தெரியும். அதை முதன்முதலில் பேசியவர்கள் இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் பலர் இன்றும் அதே ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, குடும்பம் நடத்திக்கொண்டு இருக்கிறார்கள். அந்த மொழியை உருவாக்கியவர்கள் பண்டிதர்கள் அல்ல. காது கேளாத குழந்தைகள்.

மத்திய அமெரிக்காவில் இருக்கும் சின்ன நாடு நிகரகுவா. அதன் தலைநகர் மனாகுவா. அங்கேதான் இந்தக் கதை நடந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சைகை

1970-களின் நடுப்பகுதி வரை நிகரகுவாவில் காது கேளாதவர்கள் இருந்தார்களே தவிர, அவர்களுக்கென ஒரு சமூகம் இருக்கவில்லை. காது கேளாத ஒருவர், தன்னைப் போன்ற இன்னொருவரைப் பார்க்காமலேயே வளர்ந்து பெரியவராகிவிடுவது அங்கே சகஜம். பிள்ளையை வெளியே அனுப்பினால் ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம், வழி தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து, அந்தக் குழந்தைகளை வீட்டோடு வைத்திருந்தன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர், காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கு ஒன்று, பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அப்படித்தான் என்கிறது. அதாவது, அந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வீட்டில் ஒரு சைகை மொழி தயாராக இருக்காது. அம்மா பேசும் மொழி குழந்தையின் காதுக்கு எட்டாது. குழந்தைக்கு எட்டக்கூடிய மொழியோ அம்மாவுக்குத் தெரியாது.

ஆனாலும் குழந்தை சும்மா இருக்காது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டு போகும். தூக்கம் வந்தால் கன்னத்தில் கை வைத்துச் சாயும். மாமாவுக்குப் பெரிய மீசை இருந்தால், மேலுதட்டில் விரலை இழுத்தால் அது மாமா. இப்படி வீட்டுக்குள்ளேயே உருவாகும் சைகைகளை மொழி ஆய்வாளர்கள் ‘வீட்டுச் சைகை’ என்கிறார்கள். அம்மாவுக்குப் புரியும், அக்காவுக்குப் புரியும். அடுத்த தெருவில் இருப்பவருக்குப் புரியாது. இன்னொரு வீட்டில் இருக்கும் இன்னொரு காது கேளாத குழந்தைக்கும் புரியாது. அந்தக் குழந்தை தன் வீட்டுக்கென வேறொரு சைகைத் தொகுப்பை வைத்திருக்கும்.

இப்படி நூற்றுக்கணக்கான வீடுகளில், ஒன்றையொன்று அறியாத நூற்றுக்கணக்கான சைகைகள் தனித்தனியாக இருந்தன.

உதட்டைப் பார்த்துப் படி!

1977-ல் மனாகுவாவின் சான் ஹூதாஸ் பகுதியில் இருந்த சிறப்புக் கல்வி மையத்தில் காது கேளாத குழந்தைகளுக்கு வகுப்பு தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 50 பேர். 1979-ல் நாட்டில் புரட்சி நடந்தது. நாற்பது வருடங்களுக்கு மேல் ஆண்ட சொமோசா குடும்பத்தின் ஆட்சி கவிழ்ந்து, சாண்டினிஸ்டாக்கள் வந்தார்கள். மறுவருடமே எழுத்தறிவு இயக்கம் நாடு முழுக்க நடந்தது. பள்ளிக்கூடங்கள் பெருகின. 1980-களின் தொடக்கத்தில், காது கேளாத வளரிளம் பருவத்தினருக்கு வில்லா லிபர்டாட் பகுதியில் தொழிற்பயிற்சிப் பள்ளியும் வந்தது. 1983 வாக்கில் இரண்டு பள்ளிகளிலும் சேர்த்து 400 பேருக்கு மேல் படித்தார்கள்.

பள்ளி வந்ததே தவிர, அங்கே சைகை மொழி கற்றுத்தரப்படவில்லை. பாடம் முழுக்க ஸ்பானிஷ். ஆசிரியரின் உதட்டசைவைப் பார்த்துச் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு வாயால் சொல்ல வேண்டும். கூடுதலாக, விரல்களால் எழுத்துகளைக் காட்டும் பயிற்சி கொஞ்சம்.

இது நிகரகுவா ஆசிரியர்கள் கண்டுபிடித்த முறை அல்ல. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு நடந்தது. ‘சைகையைவிடப் பேச்சே உயர்ந்தது, பேச்சு முறையில்தான் கற்பிக்க வேண்டும்’ என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து சைகை மொழி வெளியேற்றப்பட்டது. சைகையில் கற்பித்த காது கேளாத ஆசிரியர்கள் வேலையை இழந்தார்கள். 2010-ல், கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே மாநாடு, அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் ஓடிப்போனது 130 வருடங்கள்.

உதட்டைப் பார்த்துப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல் ‘படம்’ என்று சொல்லுங்கள். பிறகு ‘மடம்’ என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். தமிழ் நன்றாகத் தெரிந்தவரே இடம் பார்த்துத்தான் எது என்று ஊகிக்க வேண்டும். ஒரு மொழியைக்கூடக் கேட்டறியாத குழந்தைக்கு எதை வைத்து ஊகிப்பது?

மனாகுவா பள்ளியிலும் அதுதான் நடந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் சொற்கள் மனதில் ஏறவில்லை. வகுப்பறையைப் பொறுத்தவரை அந்தத் திட்டம் தோல்வி.

பஸ்ஸில் நடந்த பாடம்

ஆனால், பள்ளிக்கூடம் என்றால் வகுப்பறை மட்டுமா? காலையில் பஸ் பயணம், இடைவேளையில் மைதானம், சாயங்காலம் தெருமுனை. அங்கெல்லாம் ஆசிரியர் கிடையாது. தன்னைப் போலவே இருக்கும் இத்தனை பேரைப் பிள்ளைகள் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்தார்கள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

ஒருவன் தன் வீட்டுச் சைகையைக் காட்ட, இன்னொருத்தி தன் வீட்டுச் சைகையைக் காட்ட, யாருடையது எளிதாகப் புரிகிறதோ அது நிலைத்தது. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் பொதுவான ஒரு சைகைத் தொகுப்பு உருவானது. இலக்கணம் என்று பெரிதாக இல்லை. சந்தையில் இரண்டு மொழிக்காரர்கள் அரைகுறையாகப் பேசிக் காரியத்தை முடிப்பார்களே, அந்த மாதிரி. ஆனால், காரியம் நடந்தது.

ஆசிரியர்கள் இதைப் பார்த்தார்கள். ஸ்பானிஷ் வராததால் பிள்ளைகள் அபிநயம் பிடிக்கிறார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால், வருடங்கள் போகப்போக அபிநயத்தின் வேகம் கூடியது. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்றே ஆசிரியர்களுக்குப் புரியாமல் போனது.

1986-ல் நிகரகுவாவின் கல்வி அமைச்சகம், அமெரிக்க மொழியியலாளர் ஜூடி கெகலை உதவிக்கு அழைத்தது. அவர் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்தவர். மனாகுவா வந்து பிள்ளைகளின் சைகைகளைக் கவனித்தபோது ஒரு வித்தியாசம் அவருக்குத் தெரிந்தது. வயதில் மூத்த மாணவர்களின் சைகை எளிமையாகவும் ஆளுக்கு ஆள் மாறுவதாகவும் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் சைகையோ வேகமாக, சீராக, விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஓடியது. மூத்தவர்களிடமிருந்து அரைகுறையாகக் கிடைத்ததை வாங்கி, இளையவர்கள் அதை முழு மொழியாக்கிக்கொண்டிருந்தார்கள்!

சைகையும் மொழிதானா?

சைகைக்குப் பின்னால் இலக்கணம் இருக்க முடியுமா என்று சிலருக்குத் தோன்றலாம். 1960 வரை மொழியியலாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வருடம், வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஸ்டோகோ ஓர் ஆய்வை வெளியிட்டார். ‘படம்’, ‘மடம்’ இரண்டிலும் ஓர் ஒலி மாறினால் பொருள் மாறுகிறது அல்லவா? அமெரிக்கச் சைகை மொழியிலும் அதே போல, கையின் வடிவமோ, கை இருக்கும் இடமோ, அசையும் விதமோ மாறினால் பொருள் மாறுகிறது என்று அவர் காட்டினார். அதாவது சைகைகள் முழுப் படங்கள் அல்ல. எழுத்துகள் கூடிச் சொல் ஆவது போல, சிறு கூறுகள் கூடி உருவாகும் சொற்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. உலகம் முழுக்க ஒரே சைகை மொழிதான் என்பது அது. உண்மையில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காது கேட்பவர்கள் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆனால், அந்த இரு நாடுகளின் சைகை மொழிகளும் வெவ்வேறு. நிகரகுவா பிள்ளைகளின் மொழியும் ஸ்பானிஷைக் கையால் பேசுவது அல்ல. அது தனி மொழி.

பூனை உருண்ட கதை

ஒரு மொழி வளர்வதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு மொழியியலாளர்களுக்கு அதற்கு முன் இப்படிக் கிடைத்ததில்லை. நியூயார்க்கில் உள்ள பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த ஆன் செங்காஸ், முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த மொழியைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார். அவரும் சொட்டாரோ கிட்டா, அஸ்லி ஓஸ்யூரெக் இருவரும் சேர்ந்து 2004-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு மிகவும் பேசப்பட்டது.

சோதனை சுவாரஸ்யமானது. சில்வெஸ்டர் பூனை, ட்வீட்டி குருவி வரும் கார்ட்டூனைப் போட்டுக்காட்டினார்கள். அதில் பூனை ஒரு பெரிய பந்தை விழுங்கிவிட்டு, சரிவான தெருவில் உருண்டுகொண்டே இறங்கும். பார்த்ததைச் சைகையில் சொல்ல வேண்டும். பள்ளியில் சேர்ந்த காலத்தை வைத்து முதல் பேட்ச், இரண்டாவது பேட்ச், மூன்றாவது பேட்ச் என்று பிரித்து, பேட்சுக்குப் பத்துப் பேராக 30 பேர் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, காது கேட்கும் நிகரகுவாக்காரர்கள் ஸ்பானிஷில் கதை சொல்லும்போது கையை எப்படி ஆட்டுகிறார்கள் என்றும் பதிவு செய்தார்கள்.

காது கேட்பவர்கள், பேசும்போது கையைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்கினார்கள். கண்ணால் கண்டது போலவே, உருள்வதும் இறங்குவதும் ஒரே அசைவில். முதல் பேட்ச்சைச் சேர்ந்தவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டினார்கள். ஆனால், இரண்டாம், மூன்றாம் பேட்ச்காரர்கள் அதை இரண்டாக உடைத்தார்கள். முதலில் ‘உருள்’ என்று ஒரு சைகை. அடுத்து ‘இறங்கு’ என்று தனியாக ஒரு சைகை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். தமிழில் ‘உருண்டு இறங்கியது’ என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள். நிஜத்தில் பூனை முதலில் உருண்டு, முடித்துவிட்டு அப்புறம் இறங்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடந்தன. ஆனாலும் நாம் அதை இரண்டு சொல்லாகப் பிரித்துத்தான் சொல்கிறோம். பிரித்ததால் என்ன லாபம்? ‘உருண்டு’ என்பதைத் தனியாக எடுத்து ‘உருண்டு ஏறியது’, ‘உருண்டு ஓடியது’ என்று எதனோடும் சேர்க்கலாம். ‘இறங்கியது’ என்பதோடு ‘நடந்து’, ‘வழுக்கி’, ‘குதித்து’ என்று எதையும் சேர்க்கலாம். கையில் இருக்கும் கொஞ்ச சொற்களை வைத்துக்கொண்டு கணக்கில்லாத வாக்கியங்களை உருவாக்கலாம். மொழியின் பலமே இதுதான்.

நிகரகுவாவின் சின்னப் பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. பிரித்துவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது என்பதை எப்படிச் சொல்வது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘உருள் - இறங்கு - உருள்’ என்று ஒன்றை மற்றொன்றுக்கு இருபுறமும் வைத்தார்கள். உருள்வதற்கு நடுவே இறங்குவது. ஆக இரண்டும் சேர்ந்தே நடந்தது! இதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சுற்றியிருந்தவர்களின் கையசைவிலும் இது இல்லை.

2001-ல் செங்காஸும் மேரி கோப்போலாவும் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, ‘யார் யாரை’ என்ற குழப்பம் எப்படித் தீர்ந்தது என்று காட்டியது. தமிழில் ‘ஐ’, ‘கு’ போன்ற உருபுகள் அந்த வேலையைச் செய்கின்றன. சைகை மொழியில் அதற்கு இடம் பயன்படுகிறது. ‘பார்த்தான்’ என்பதை இடதுபக்கம் காட்டி, ‘பணம் கொடுத்தான்’ என்பதையும் அதே இடதுபக்கம் காட்டினால், பார்த்ததும் பணம் கொடுத்ததும் ஒரே ஆளைத்தான் என்று பொருள். முதல் பேட்ச்காரர்களும் கையைப் பக்கவாட்டில் கொண்டுபோனார்கள். ஆனால், அது இந்தப் பொருளைத்தான் தரும் என்ற கட்டாயம் அவர்களிடம் இல்லை. சின்ன வயதில், 1983-க்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களிடம் அது விதியாகவே ஆகிவிட்டது.

கொடுத்தவர்களுக்குக் கிடைக்காதது

இந்தக் கதையில் மனதைத் தைக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது.

மொழிக்கு முதல் விதை போட்டவர்கள் முதல் பேட்ச்காரர்கள். ஆனால், அது முழுமையாக வளர்ந்தபோது அதை முழுமையாகக் கற்கும் வயதை அவர்கள் தாண்டியிருந்தார்கள். தினமும் அதே மொழியில்தான் பேசுகிறார்கள், இளையவர்களோடு பழகுகிறார்கள். இருந்தும், நடுத்தர வயதுக்கு வந்த பிறகும், அவர்களின் சைகையில் அந்த இளையவர்களின் வேகமும் இலக்கணமும் முழுதாக வரவில்லை. மொழியைக் கற்க மூளைக்கு ஒரு பருவம் இருக்கிறது. அது போன பிறகும் கற்கலாம். ஆனால் அதே அளவுக்கு வருவதில்லை.

இழப்பு இலக்கணத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஜென்னி பயர்ஸும் செங்காஸும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஒருவன் பொம்மையை ஓர் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது இன்னொருவன் அதை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுகிறான். முதலாமவன் திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? ‘வைத்த இடத்தில்தான் தேடுவான், பாவம் அவனுக்குத் தெரியாதே’ என்று ஐந்து வயதுக் குழந்தை சொல்லிவிடும். ஓரிரு பிள்ளைகளை வளர்த்த யாருக்கும் இது தெரியும்.

இந்த மாதிரிக் கதைகளைப் படங்களாகக் கொடுத்து முடிக்கச் சொன்னபோது, முதல் பேட்ச்சைச் சேர்ந்த பெரியவர்கள் பெரும்பாலும் தவறினார்கள். அவர்களைவிடச் சுமார் பத்து வயது இளையவர்கள் சரியாகச் சொன்னார்கள். மூத்தவர்களுக்கு அறிவு குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ‘நினைக்கிறான்’, ‘தெரியும்’, ‘தெரியாது’ என்று அடுத்தவர் மனதைப் பற்றிப் பேசும் சைகைகள் அவர்களிடம் மிகக் குறைவாக இருந்தன. ‘அவன் என்ன நினைச்சிருப்பான்?’ என்று யாரோடும் பேசிப் பார்க்காமலேயே அவர்கள் வளர்ந்திருந்தார்கள்.

எண்களிலும் இதே நிலை. எந்தப் பொதுமொழியும் கிடைக்காமல் வீட்டுச் சைகையோடு மட்டுமே வளர்ந்த நான்கு நிகரகுவாக்காரர்களைப் பற்றி 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. நால்வரும் வேலைக்குப் போகிறவர்கள், சம்பாதிக்கிறவர்கள், காசைப் புழங்குகிறவர்கள். ஆனாலும், எதிரே இருக்கும் பொருள்கள் எத்தனை என்று விரல் விட்டுக் காட்டச் சொன்னால், மூன்றுக்கு மேல் போனால் துல்லியமாக வரவில்லை. ஏறக்குறையத்தான் காட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொல்லிப் பழகும் அந்தச் சின்னப் பாட்டுக்கூட, யாராவது ஒருவர் நமக்குக் கொடுத்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பயர்ஸ், செங்காஸ் ஆய்வில் ஆறுதலான ஒரு பகுதியும் உண்டு. இரண்டு வருடங்கள் கழித்து அதே பெரியவர்களை மறுபடியும் பார்த்தபோது, சிலர் தேறியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இளையவர்களோடு பழகி, ‘நினைப்பது’, ‘அறிவது’ போன்ற சைகைகளைக் கற்றிருந்தார்கள். யாருடைய மொழி வளர்ந்திருந்ததோ, அவர்களுக்குத்தான் அந்தப் படக்கதையும் புரிந்தது. தங்களிடம் மொழியை வாங்கிக்கொண்ட தம்பி தங்கைகளிடமிருந்து, அண்ணன் அக்காக்கள் அதில் கொஞ்சத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

மூளையிலா, மைதானத்திலா?

மொழி கற்கும் திறன் மனிதக் குழந்தைக்குப் பிறவியிலேயே இருக்கிறது என்பது நோம் சோம்ஸ்கியின் கருத்து. ஸ்டீவன் பிங்கர் போன்றவர்கள் நிகரகுவாவை அதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள். மொழியே இல்லாத இடத்தில் பிள்ளைகளே மொழியைப் படைத்துவிட்டார்களே, இதைவிட என்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அதை அப்படியே ஏற்காதவர்களும் உண்டு. நிகரகுவாவின் காது கேளாதோர் சமூகம் உருவான வரலாற்றை ஆராய்ந்து 2005-ல் நூல் எழுதிய லாரா போலிச், முதலில் ஒரு சமூகம் உருவானதைக் கவனிக்கச் சொல்கிறார். கூடுவதற்கு ஓர் இடமும், ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு கூட்டமும் கிடைத்த பிறகுதானே மொழி வந்தது?

விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால், இரு தரப்பும் மறுக்காத உண்மைகள் இரண்டு. வீட்டில் தனியாக இருந்தவரை எந்தக் குழந்தையும் முழு மொழியைப் படைத்துவிடவில்லை. அதற்குக் கூட்டம் தேவைப்பட்டது. கூட்டம் கிடைத்த பிறகும், முதல் பேட்ச்சோடு மொழி முழுமை அடையவில்லை. அதை வாங்கி வளர்க்க இன்னும் சின்னக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள்.

இன்று நிகரகுவாவில் காது கேளாதோருக்கெனத் தேசியச் சங்கம் இருக்கிறது. 1997-ல் சைகை மொழிக்கு அகராதி வந்தது. 2009-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அதைக் காது கேளாதோரின் மொழியாக அங்கீகரித்தது. பள்ளி பஸ்ஸில் பிறந்த மொழிக்கு, முப்பது வருடங்களில் சட்டப் புத்தகத்திலும் இடம் கிடைத்தது.

வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பாடம்

நிகரகுவாவின் கதையிலிருந்து எந்த ஊர்ப் பெற்றோரும் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம், காலத்தின் அருமைதான். காது கேட்காததைவிட, மொழி கிடைக்காமல் கழியும் வருடங்கள்தான் குழந்தைக்குப் பெரிய இழப்பு.

பிறந்த குழந்தையின் கேட்கும் திறனுக்கு மருத்துவர்கள் ‘1-3-6’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை. அதில் சந்தேகம் வந்தால், மூன்று மாதத்துக்குள் முழுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். குறை உறுதியானால், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்கிவிட வேண்டும். ‘எங்க வீட்ல எல்லாருமே லேட்டாதான் பேசினோம்’ என்று பாட்டி சொல்வது ஆறுதலாக இருக்கலாம். ஆனால், பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணம் ஆகக் கூடாது.

அடுத்தது, சைகை பழகினால் பேச்சு வராது என்ற பயம். பல பெற்றோர் இதனாலேயே குழந்தையின் கையைத் தட்டிவிடுகிறார்கள். சைகை மொழி பேச்சைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பிறந்த நாளிலிருந்து சைகையைப் பார்த்து வளரும் காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் அதே மாதங்களில் கையால் மழலை பேசுகிறார்கள் என்று 1991-லேயே ஓர் ஆய்வு காட்டியது. கை வழியாக வந்தாலும், காது வழியாக வந்தாலும், அந்த மூளைக்கு அது மொழிதான்.

காது கேட்கும் கருவியோ, காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையோ பல குழந்தைகளுக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால், கருவியைப் பொருத்திய மறுநாளே மொழி வந்துவிடாது. ஒலி பழக வேண்டும், பயிற்சி வேண்டும், மாதங்கள் ஆகும். பலன் குழந்தைக்குக் குழந்தை மாறும். அந்த இடைவெளியில் குழந்தை மொழியே இல்லாமல் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அம்மாவும் அப்பாவும் தப்பும் தவறுமாகச் சைகை பழகினால்கூடப் பரவாயில்லை. அரைகுறையாகக் கிடைத்ததை வாங்கி முழுதாக்கத் தெரிந்தவர்கள் குழந்தைகள் என்பதை மனாகுவாவின் பிள்ளைகள் காட்டிவிட்டார்கள்.

முக்கியமாக, தன்னைப் போன்ற மற்றக் குழந்தைகளோடு பழக வாய்ப்புக் கொடுங்கள். மனாகுவாவில் ஆசிரியர்கள் வருடக்கணக்கில் முயன்றும் கொடுக்க முடியாத மொழி, பஸ்ஸிலும் மைதானத்திலும் சேர்ந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது பேசுவதற்கு இன்னொரு குழந்தை.

*(அடுத்த வாரம்: பிறந்த சில மாதங்களில், உலக மொழிகளின் ஒலிகளையெல்லாம் பிரித்தறியும் குழந்தை, ஒரு வயதுக்குள் அந்தத் திறனில் பெரும்பகுதியை ஏன் இழக்கிறது?)*